கல்யாணத்துக்கு எந்த கேமரா பத்தும்? கொஞ்சம் பழைய கதை

இன்றைய பதிவு நீளம். காப்பியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். 2006ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது திருமங்கலம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, காதுகுத்து, பிறந்தநாள் என்று படமெடுக்கும் வேலையும் உண்டு. முதல் முறையாக ஒரு முழுக் கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது. கையில் இருப்பது நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 50 எம்.எம். லென்ஸ் ஒன்று. "சார், இது கல்யாணத்துக்குப் பத்துமா? பத்தாதுன்னா வீட்ல இருக்க ஏழு பவுனை வச்சு ஃபுல் ஃபிரேம் ஒண்ணு வாங்கிரலாம்னு இருக்கேன்" என்றான்.

நான் கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதித்தவனில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு பழைய குடும்பப் படங்களைத் தேடிப் பார்ப்பதும், படமெடுத்த பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் என் பொழுதுபோக்கு என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டிருக்கிறான். போனில் அவனிடம் "நகையை வைக்காதே" என்று மட்டும் சொன்னேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நம் மதுரைக்கு கேமரா வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். 1858ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் எடுத்த மதுரைப் படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் அவர். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் அதில் உண்டு. அவருடைய நெகட்டிவ் காகிதத்தில் ஆனது. ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம். சாமான்கள் மாட்டு வண்டிகளில் வந்தன. அந்தப் படங்களை இணையத்தில் பாருங்கள், ஊரே காலியாக இருப்பது போலத் தெரியும். மதுரையில் அன்று ஆள் இல்லாமலா போயிற்று? வெளிச்சம் பதிய நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். நடந்து போகிறவன் படத்தில் விழவே மாட்டான். கல் தூண் அசையாது, அதனால் பதியும். வானம் வெள்ளையாக விழுந்த இடங்களில் அவர் நெகட்டிவிலேயே மேகத்தைத் தீட்டியிருக்கிறார். வானத்தை மாற்றி எடிட் செய்வது இன்றைய பிள்ளைகளின் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள்.

அப்படிப்பட்ட கேமராவை வைத்துக்கொண்டு கல்யாணம் எடுக்க முடியுமா? உலகத்தில் எங்குமே முடியவில்லை. விக்டோரியா மகாராணிக்குக் கல்யாணம் நடந்தது 1840ல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு முந்தைய வருடம்தான். அவருடைய கல்யாணப் படம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அது 1854ல் கணவரோடு அரசவை உடையில் நின்று எடுத்துக்கொண்டது. அதற்குள் அவருக்கு எட்டுப் பிள்ளைகள்.

கல்யாண போஸ் என்ற ஒன்று நம் ஊரில் கேமராவுக்கு முன்பே இருந்தது என்பது என் கட்சி. கம்பத்தடி மண்டபத்துக்குப் போனவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். திருமால் தாரை வார்க்க, சொக்கநாதர் மீனாட்சியின் கரம் பற்றும் சிற்பம். மூன்று பேர், நடுவில் பெண், எல்லார் முகமும் நமக்குத் தெரிகிறது, கைகள் சேரும் இடம் மறையவில்லை. பத்திரிகைகளிலும் காலண்டர்களிலும் அதைத்தான் அச்சடிக்கிறோம். எந்த நொடி முக்கியம், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சிற்பி தீர்மானித்துவிட்டான். கேமராக்காரனுக்கும் அந்த இரண்டும்தான் தலைவலி.

கண்ணாடித் தட்டு நெகட்டிவ் வந்து வேகம் கூடிய பிறகும், ரொம்ப காலம் வரை கல்யாணப் படம் என்றால் ஸ்டுடியோ படம்தான். கல்யாணம் முடிந்து ஒரு நல்ல நாள் பார்த்து ஜோடி டவுனுக்கு வருவார்கள். பின்னால் தீட்டிய திரை, பக்கத்தில் பூச்சாடி வைத்த ஸ்டூல். மாப்பிள்ளை நாற்காலியில், பெண் நாற்காலி முதுகில் கை வைத்தபடி நிற்பாள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. வெளிச்சம் கண்ணாடிக் கூரை வழியாகவோ வடக்குப் பார்த்த ஜன்னல் வழியாகவோ வரும். அதாவது கேமரா கல்யாணத்துக்குப் போகவில்லை, கல்யாணம் கேமராவிடம் வந்தது. இந்த மாதிரிப் படங்களை, 1880 முதல் 1980 வரையிலானவற்றை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் தேடி எடுத்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

கேமரா பந்தலுக்குள் வர இரண்டு தடைகள் நீங்க வேண்டியிருந்தது. ஒன்று எடை, இன்னொன்று வெளிச்சம். மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கும் முறை 1887லேயே ஜெர்மனியில் வந்துவிட்டது. ஆனால் தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் அதைக் கொளுத்த எவன் விடுவான்? கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் ஃபிளாஷ் பல்பு 1930ஐ ஒட்டி வந்தது. ஒரு பல்பு ஒரு படத்தோடு தீர்ந்துபோகும். பிறகு பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷ். அதற்குப் பின்தான் முகூர்த்தப் படம் என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது.

எடையைக் குறைத்தது ரெட்டை லென்ஸ் கேமரா. ரோலிஃப்ளெக்ஸ் 1929ல் ஜெர்மனியில் வந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்குக் கட்டுப்படியானது ஜப்பானின் யாஷிகா. கழுத்தில் மாட்டி, வயிற்றுக்கு நேராகப் பிடித்து, குனிந்து பார்த்து எடுப்பார்களே, அதுதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைக் கையாண்டவர்களின் திறமைக்கு இன்று சாட்சி சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

அதன் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். மாப்பிள்ளை வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார். கூட்டம் மறைத்தால் கேமராவைத் தலைகீழாகத் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து பார்த்து எடுப்பார்கள். ஒரு ரோலில் 12 படம். பன்னிரண்டு முடிந்தால் ரோல் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் தாலி கட்டினால் போச்சு. ஃபிளாஷ் ஒரு தடவை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற எட்டுப் பத்து நொடி ஆகும். மாலை மாற்றும்போது ஆசைப்பட்டு இரண்டு முறை அடித்தவனுக்குத் தாலி கட்டும்போது ஃபிளாஷ் அடிக்காது. தூரத்தைக் கண்ணால் அளந்து வகுத்தல் கணக்குப் போட வேண்டும். ஃபிளாஷின் எண் 28 என்றால், ஐந்து மீட்டர் தூரத்துக்கு 28ஐ ஐந்தால் வகுத்து 5.6 வைக்க வேண்டும். என்னிடம் படித்தவர்கள் வகுத்தலுக்கு ஏன் அவ்வளவு அடி வாங்கினோம் என்று இப்போதாவது புரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்துகொண்டே காதை நாதஸ்வரத்தின் பக்கம் வைத்திருப்பார்கள். ஐயர் கையைத் தூக்கி, கெட்டிமேளம் தொடங்கும் முன்பே கேமரா தயாராக இருக்க வேண்டும். மேளம் கேட்ட பிறகு தூக்கினால் அட்சதை பறக்கும், குலவை போடும் பெண்கள் முன்னால் வருவார்கள், மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்திருப்பார், மீதி முடிச்சை நாத்தனார் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "படம் எடுக்கக் கத்துக்க ஆறு மாசம், கல்யாணம் பாக்கக் கத்துக்க ஆறு வருசம்." ஒவ்வொரு சமூகத்துக்கும் சடங்கு வரிசை வேறு. தாலி கட்டும் நேரம், தாய்மாமன் எந்தப் பக்கம் நிற்பார், பட்டம் கட்டுவது யார், எல்லாம் மாறும். அது தெரியாதவன் ரோலிஃப்ளெக்ஸோடு போனாலும் வீண்தான்.

ஃபிலிமிலும் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஆலை 1960ல் தொடங்கப்பட்டு 1967ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்பது அதன் பெயர். கறுப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் போடும் பேப்பர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கே தயாராயின. கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ ஃபிலிமும் அப்போது கிடைக்கும். கலர் யுகத்தில் ஊட்டி ஆலை தேறவில்லை. 1996ல் நலிந்த ஆலை என்று அறிவித்தார்கள். வேலை பார்த்தவர்களின் கதை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

என் கல்யாணம் 1984 வைகாசியில், சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர் வீட்டு வாசலில் போட்ட பந்தலில் நடந்தது. போட்டோவுக்கு என்று அப்பா ஒதுக்கியது இரண்டு ரோல். மொத்தம் 24 படம். படமெடுத்தவர் மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். அவரிடம் ஒரு யாஷிகா, ஒரு ஃபிளாஷ், துணிப்பையில் இன்னொரு பழைய கேமரா. அந்த இரண்டாவது கேமராவை அன்று அவர் வெளியே எடுக்கவே இல்லை. எதற்கு அண்ணே சுமக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இது ஓடலைன்னா அது" என்றார். 24 படத்தில் ஒன்றுகூட வீணாகவில்லை. ஆனால் எங்கள் அம்மா அதில் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறார். அதுவும் ஓரத்தில், பந்தி பரிமாறும் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தபடி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 24ல் தாலிக்கு மூன்று, தாய்மாமன் சீருக்கு இரண்டு, இரு வீட்டுப் பெரியவர்களுக்கு என்று பிரித்தால் என்ன மிஞ்சும்? அம்மாவும் அடுப்படியை விட்டு வந்திருக்க மாட்டார்.

கலர் வந்ததும் பலருக்கும் இதே "பத்துமா" கேள்விதான். கலர் ரோல் கழுவ முதலில் மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு மதுரையிலேயே லேப் வந்தது. 35 எம்.எம். கேமராவில் ரோலுக்கு 36 படம். ரெட்டை லென்ஸ்காரர்கள் பலர் விற்றுவிட்டு மாறினார்கள், சிலர் கடன் வாங்கி. கலரில் ஒரு வேடிக்கை. என் 1984 கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. 1993ல் நடந்த என் தங்கை கல்யாணத்துக் கலர்ப் படங்கள் செம்மண் நிறமாகிவிட்டன. கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, கலரில் இருப்பது சாயம்.

வீடியோ காலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 80களின் பாதியில் தொடங்கி தோளில் வைக்கும் வி.எச்.எஸ். கேமராவும், அதோடு சன்கன் என்று சொல்வோமே அந்த ஆயிரம் வாட் விளக்கும் வந்தன. அந்த கேமராவுக்கு வெளிச்சம் பத்தாது. கேமராவின் குறையை விளக்கால் ஈடுகட்டினார்கள். லைட் பிடிக்க ஒரு பையன், அவன் பின்னால் தரையெல்லாம் ஒயர். மணப்பெண் முகத்தில் வேர்வை ஊற்றும்.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்தின் மேல் தளத்தில் கீற்றுக் கூரை. முகூர்த்த நேரம். வீடியோ கேமராவுக்குப் போன மின் ஒயரில் கசிவு ஏற்பட்டு, கூரை பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16ல்தான் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போனது. அதற்குப் பின் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி ஆணைகள் வந்து, நாங்கள் ஓடியது எல்லாம் என் வேலைக்காலத்தின் பெரும் துயரம். ஸ்ரீரங்கத்தைப் பற்றி அந்த அளவு யாரும் பேசுவதில்லை. கல்யாணத்துக்குக் கருவி போதுமா என்று கேட்பவர்கள் எல்லாரும் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஒயரைப் பற்றிக் கேட்பதில்லை. ஒட்டுப் போட்ட ஒயர், சூடாகும் பிளக், ஒரே பிளக் பாயிண்டில் நாலு லைட் என்று இருந்தால், உன் கேமரா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நீ அந்தக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. இன்று எல்.இ.டி. விளக்குகள் வந்து சூடும் மின்சாரமும் குறைந்திருப்பது பெரிய ஆறுதல்.

டிஜிட்டல் கதை உங்களுக்கே தெரியும், வேகமாகச் சொல்கிறேன். 2004ல் வந்த நிக்கான் டி70ல் ஆறு மெகாபிக்சல். நிறைய ஸ்டுடியோக்காரர்கள் அந்த வகைக் கேமராவில்தான் டிஜிட்டலுக்கு மாறினார்கள். கரிஷ்மா ஆல்பமும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் பரவியது. 2008ல் நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 இரண்டும் படமெடுக்கும் கேமராவிலேயே வீடியோவையும் கொண்டுவந்தன. தோள் கேமரா மூலைக்குப் போயிற்று. ஃபிலிம் விற்ற கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

இப்போது தம்பி, உன் டி5600க்கு வருகிறேன். அதில் 24 மெகாபிக்சல். ஆல்பத்தின் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம் என்று வைத்துக்கொள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 3600ஐ 5400ஆல் பெருக்கு, ஒரு கோடியே 94 லட்சத்து 40 ஆயிரம் வரும். உன்னிடம் இரண்டு கோடியே 40 லட்சம் இருக்கிறது. அந்தக் கவலையை விடு.

வெளிச்சத்தில்தான் இடிக்கும். உன் 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் 5.6தான். 50 எம்.எம். லென்ஸ் 1.8. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். விடிகாலை முகூர்த்தத்துக்கு, தாலி கட்டும் முகத்துக்கு, அந்தச் சின்ன லென்ஸ் போதும். ஆனால் உன் கேமராவின் சென்சார் சின்னது, அதில் 50 எம்.எம். என்பது 75 போல நெருக்கமாகக் காட்டும். மணவறைக்கு முன்னால் நாலடி இடத்தில் நின்று இரு வீட்டாரையும் அதில் அடக்க முடியாது. அங்கே 18-55ஐ அகலமாக வைத்து ஃபிளாஷ் அடிக்க வேண்டும். ஃபிளாஷை நேரே முகத்தில் அடிக்காமல் கூரையைப் பார்த்து அடிப்பார்கள். மண்டபத்தின் வெள்ளைக் கூரைக்கு அது சரி. சிவப்புச் சாமியானாவுக்குக் கீழே அப்படி அடித்தால் எல்லாரும் குங்குமத்தில் குளித்த மாதிரி வருவார்கள்.

உன் கேமராவின் உண்மையான குறையை நீ கேட்கவே இல்லை. அதில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். அந்தக் கார்டு செத்தால் கல்யாணம் போச்சு. அதனால் ஒரே பெரிய கார்டில் எல்லாவற்றையும் எடுக்காதே. நிச்சயம், மாலை மாற்று, முகூர்த்தம், பந்தி என்று சின்னக் கார்டுகளாக மாற்று. எடுத்த கார்டைச் சட்டைப்பையில் போடாமல் பொத்தான் போட்ட பையில் வை. அன்று இரவு தூங்குமுன் இரண்டு இடத்தில் காப்பி எடு. கேமரா ஒன்றுதான் என்பது அதைவிடப் பெரிய குறை. இரண்டாவது கேமராவை மதுரையில் நாள் வாடகைக்குத் தருகிறார்கள். கொஞ்சம் உயர்ந்த ஃபுல் ஃபிரேமாகவே எடுத்து, முதல் நாளே வாங்கிப் பழகிக்கொள். ஏழு பவுனுக்கு மாதம் எவ்வளவு வட்டி என்று கூட்டுறவு வங்கியில் கேட்டுப் பார், வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பார். கழித்தல் கணக்கு உனக்கு நன்றாக வரும். வருடத்துக்கு இருபது கல்யாணம் வந்து, வாடகையே பாரமாகும்போது வாங்கலாம்.

ராத்திரி ரிசப்ஷனில் எல்.இ.டி. திரை வைத்துக் கலர் விளக்கு சுற்றவிடுகிறார்கள். அங்கே உன் கருவி திணறும், ஒத்துக்கொள்கிறேன். அந்த வீட்டார் "சினிமா மாதிரி வேண்டும், டிரோன் வேண்டும்" என்று கேட்டால், இன்ன அளவுக்குத்தான் என்னால் முடியும் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடு. திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம் என்றால் முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேள். கோயில்களுக்குள் கைபேசிக்கே 2022ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை சொல்லியிருக்கிறது. முகூர்த்த நாளில் அங்கே ஒரே நேரத்தில் பல ஜோடி. அடுத்த ஜோடியின் உறவுகள் உன் படத்துக்குள் நிற்பார்கள்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெண் வீட்டுக்கு ஒரு நடை போய், பெண்ணின் அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் உட்கார்ந்து பேசு. தாய்மாமன் எத்தனை பேர், மூத்தவர் யார், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி யார், நடக்க முடியாத கிழவி யாராவது உண்டா என்று எழுதிக்கொள். தாய்மாமன் படம் ஆல்பத்தில் விட்டுப்போய், அதனால் பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாத குடும்பத்தை நான் அறிவேன். அடுப்படிக்கும் மொய் எழுதுகிற மேசைக்கும் ஒரு முறை போய் வா. உனக்கு 24 படம் என்ற கட்டுப்பாடு இல்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 1980க்கு முந்தைய கல்யாணப் படம் இருந்தால், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரையும் சில சமயம் தேதியும் இருக்கும். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இடமிருந்து வலமாக எழுதி அனுப்புங்கள். இந்த மழைக்காலத்துக்குள் அனுப்பினால் நல்லது, ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.